சாக்பீஸ் அக்காவும் என் ஈரத்துணியும்

பழைய வீட்டை உள்ளுக்குள் முழுசாகப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பீற்றிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் அதில் என் பங்கு ஒரே ஒரு வேலைதான். இடிக்கக் கூடாத சுவரை இடிக்க வைத்தேன். மற்றதையெல்லாம் செய்தது வேறொருத்தி. அவளைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நடுநடுவே நான் குறுக்கே வந்து விழுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குப் பின்பெஞ்சில் உட்காரத் தெரியாது.

கட்டட வேலைக்காரர்கள் எல்லாரும் அவளை சாக்பீஸ் அக்கா என்பார்கள். வயதில் எனக்கு மகளாக இருக்க வேண்டியவள். கேட்டுக் கேட்டு நானும் "அக்கா, டீ ஆறுது" என்று கூப்பிட ஆரம்பித்தேன். எழுபத்துமூன்று வயசுக்காரி ஐம்பது வயசுக்காரியை அக்கா என்பதைக் கேட்டு, சுவர் உடைக்கும் மெஷின்காரருக்குச் சிரிப்பு தாங்காது.

வீட்டைப் பிரிக்கும் யோசனை என் மகளுடையது. எனக்கு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. குளியலறையோ மாடியில். போதாததற்குக் குழாய் கசிந்து ஹால் சுவரெல்லாம் ஓதம். "அம்மா, ஒண்ணு கீழேயே படுக்கை ரூமும் பாத்ரூமும் வர்ற மாதிரி வீட்டை மாத்து, இல்லைன்னா என்கூட வந்துடு" என்றாள். மகள் வீட்டில் உப்பு டப்பாவிலிருந்து குடை வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. எனக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிடுவாள் என்ற பயத்தில் வீட்டை மாற்றுகிறேன் என்றேன். எதிர்வீட்டு மாடியில் ஓர் அறை பிடித்து, ஜன்னலோரம் நாற்காலி போட்டு, மேற்பார்வை பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் நாள் மெஷின்காரர் மெஷினோடு வந்தார். இன்னும் நாலு பேர் கடப்பாரை, சம்மட்டி, இரும்புச் சட்டியோடு வந்தார்கள். இவள் மட்டும் வெறுங்கையாக வந்தாள். இடுப்பில் ஒரு தைல டப்பா மட்டும் செருகியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மாடிக்குப் போனாள். இடிக்கப் போவது கீழ்த்தளம். இவள் எதற்கு மேலே போகிறாள் என்று நானும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

வெறுங்காலோடு, குதிகாலை முதலில் வைத்து, சுவரிலிருந்து சுவருக்கு மெதுவாக நடந்தாள். வாய் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"பீரோ எங்கம்மா நின்னுச்சு?"

"அந்த மூலையில."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து. உள்ள முக்கால்வாசி என் பட்டுப்புடவைதான், அது ஒண்ணும் பெரிய பாரம் இல்லை" என்றேன். என்னிடம் இருப்பது மூன்று பட்டுப்புடவை.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தரை அப்படிச் சொல்லலையே. பேப்பர், புஸ்தகம் மாதிரி எதுவோ வச்சிருந்திருக்கீங்க."

பரீட்சைத் தாள்கள். முப்பது வருஷத்து மிச்சம். என் வாய் தானாக மூடிக்கொண்டது, அதுவே ஓர் அதிசயம்.

பிறகு கீழே இறங்கி, மேலே எண்ணிய அதே கணக்கில் நடந்தாள். "மேல எது எங்க உக்காந்திருக்குன்னு பாத்தாத்தான் கீழ எதை எடுக்கலாம்னு தெரியும்" என்றாள். ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டினாள். தைல டப்பாவைத் திறந்து சாக்பீஸ் எடுத்துக் குறி போட்டாள். பெருக்கல் குறி என்றால் இடிக்கலாம். வட்டம் என்றால் கை வைக்கக் கூடாது. அவள் குறி போடாத சுவரில் அந்தக் கூட்டத்தில் யாரும் ஆணி கூட அடிக்க மாட்டார்கள்.

டீ நேரங்களில் அவள் கதையைத் துண்டு துண்டாகக் கறந்தேன். பத்தொன்பது வயதில் சித்தாளாக வந்தவள். பன்னிரண்டு வருஷம் தலையில் இடிபாட்டுச் சட்டி. ஒருநாள் ஒரு பழைய கிடங்கைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நடுமத்தியானம், சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வளைவுக்கு அடியில நான் போக மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாளாம். மேஸ்திரி, "நீ என்ன இன்ஜினியரா?" என்று கத்தினாராம். அவள் எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்த்து மற்ற பெண்களும் உட்கார்ந்தார்களாம். மூன்று நிமிடத்தில் வளைவு மொத்தமாகக் கீழே வந்தது.

இதையே நான் எதிர்வீட்டம்மாவிடம் சொன்னபோது மூன்று நிமிடம் மூன்று விநாடியாகிவிட்டது. இரண்டாம் தடவை சொன்னபோது வளைவு அவள் முந்தானையை உரசிக்கொண்டு விழுந்தது. இங்கே எழுதியிருப்பது அக்கா சொன்ன கணக்கு.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"காலையிலேர்ந்து ஒரே இடத்துலேர்ந்து பொடி கொட்டிட்டு இருந்துச்சு டீச்சரம்மா. காத்துக்குக் கொட்டுற பொடி விட்டு விட்டுக் கொட்டும். இது விடாம கொட்டுச்சு."

அன்றிலிருந்து மேஸ்திரி எந்தச் சுவரைத் தொடுவதற்கு முன்னாலும் அவளைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு வருஷம் வெறுமனே பார்த்தார். பிறகு ஒருநாள் தன் சட்டைப்பையிலிருந்த சாக்பீஸை எடுத்து, எல்லார் முன்னாலும் அவள் கையில் கொடுத்தார்.

"என் கல்யாணத்துல கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நிக்கலை" என்றாள் அக்கா. "சின்ன வயசுல சுவத்துல கிறுக்கினா எங்கம்மா முதுகுல போடும். இப்போ சுவத்துல கிறுக்கத்தான் என்னைக் கூப்பிடுறாங்க."

இப்படிப்பட்ட கையைத்தான் நான் கெடுத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம். எல்லாரும் போன பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். கையில் ஈரத்துணி. ஜன்னல் விளிம்பில் தூசி படிந்திருக்கும், துடைத்துவிடலாம் என்று. மறுநாள் இடிக்கப் போகிற வீட்டின் ஜன்னலைத் துடைக்கப் போனவள் நான். என் புத்தி எந்த லட்சணத்தில் இருந்தது என்பது அதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளே கீழ்த்தளத்தில் ஐந்து சுவர். ஐந்திலும் சாக்பீஸ் குறி. சாமான் இல்லாத அறை, நீளமான சுவர், அதில் சாக்பீஸ் எழுத்து. முப்பத்தாறு வருஷம் வகுப்பை விட்டுக் கிளம்புவதற்கு முன் கரும்பலகையைத் துடைத்துவிட்டுக் கிளம்பிய கை இது. மனசு ஓதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது, கை தன் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே போனது. ஐந்தாவது சுவரையும் பளிச்சென்று துடைத்து, இரண்டடி பின்னால் வந்து, திருப்தியாகப் பார்த்த பிறகுதான் அது கரும்பலகை இல்லை என்று ஞாபகம் வந்தது.

ஒரு போன் போட்டிருக்கலாம். "அக்கா, கிழவி புத்தி, அழிச்சிட்டேன், காலையில வந்து மறுபடி போட்டுடு" என்றால் முடிந்தது. ஆனால் இருபது வருஷத்துக்கு முந்தைய மாணவிகளின் வரிசை எண்ணைக்கூடச் சொல்வேன் என்று ஊரெல்லாம் அளந்து வைத்திருக்கிறேனே, ஐந்து குறி ஞாபகம் இருக்காதா? கைப்பையில் சாக்பீஸ் எப்போதும் இருக்கும். எடுத்தேன், போட்டேன். மூன்று பெருக்கல், இரண்டு வட்டம். அவள் போட்டதும் மூன்றும் இரண்டும்தான். மொத்தம் சரியாக வந்துவிட்டது. மொத்தம் சரியாக வந்தால் கணக்கே சரி என்று நினைக்கிற ஒருத்தியிடம் இத்தனை பிள்ளைகள் கணக்குப் படித்திருக்கிறார்கள், அவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருப்பது மாடியைத் தாங்கும் ஒன்பது அங்குலச் சுவர். அதில் அக்கா போட்டிருந்தது வட்டம். சாமான் அறையின் தடுப்புச் சுவரில் பெருக்கல். நான் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அக்கா மாடியில் குளியலறைத் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். கீழே மெஷின்காரர் காதை அடைத்துக்கொண்டு சமையலறைச் சுவரில் ஆரம்பித்தார். குறி இருக்கிறது, இடிக்கிறார், அவர் மேல் என்ன தப்பு? கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அக்கா ஓடி வந்தவள் யாரையும் கூப்பிடவில்லை, வந்த வேகத்தில் மெஷினின் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"எல்லாரும் வெளியே போங்க! முட்டுக் கம்பியை எடுத்துட்டு வாங்க!"

நான் எதிர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுப் பதறிப்போய் வந்தேன். சுவரில் ஓர் எருமை தாராளமாக நுழையும் ஓட்டை. சரி, கன்றுக்குட்டி. இரும்பு முட்டுகளை வரிசையாகக் கொடுத்து நிறுத்தினார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மாடித்தரை மட்டும் இரண்டு விரற்கடை இறங்கி, மேல் ஜன்னல் சாத்த மறுத்தது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மெஷின்காரர், வெளிறிப்போய்.

"கால்ல தெரிஞ்சுது" என்றாள்.

அவளுக்கு சாக்பீஸ் கொடுத்த அதே மேஸ்திரி வந்தார். என் மகளும் வந்து சேர்ந்தாள். மேஸ்திரி ஓட்டையைப் பார்த்தார், இறங்கிய தரையைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"வட்டம் போட வேண்டிய இடத்துல பெருக்கல் போட்டிருக்கியே. மேல நாலு பேர் வேலை செஞ்சிட்டிருந்தாங்க, தெரியுமா?"

"நான் வட்டம்தான் போட்டேன்னு..."

"போட்டேன்னு?"

"நினைச்சேன்."

"நினைச்சியா? இருபது வருஷமா உன் நினைப்பை நம்பித்தானே ஆள் இறக்குறேன்! டப்பாவைக் குடு."

அவள் இடுப்பிலிருந்து தைல டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளையிலேர்ந்து சட்டி தூக்கு. இனிமே நானே குறி போட்டுக்கிறேன்."

அப்போது நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். மகள் திரும்பி, "அம்மா, தூசி. நீ வெளியே போய் நில்லு" என்றாள். எழுபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக மகள் சொன்ன பேச்சைக் கேட்டேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "அம்மாவுக்கு ஞாபகம் தப்புது" என்பாள். பிறகு உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம். அதனால் மூன்று நாள் ஜன்னலோரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே அக்கா தலையில் சும்மாடு வைத்து, சட்டி சுமந்து, இடிபாட்டை வாசலில் மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த என் முழங்காலுக்கே அது வலித்தது.

அவள் சட்டி தூக்கிய மூன்றாம் நாள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் மட்டும் உள்ளே போனாள். அந்தச் சுவரில் மிஞ்சியிருந்த பகுதிக்கு முன்னால் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு விரல் முட்டியால் தட்டினாள். பிறகு காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். போட்டுவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவளைத் தின்றது திட்டு வாங்கியதுகூட இல்லை, சட்டிகூட இல்லை. அவள் தன் கையையே நம்பாமல் நிற்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இறங்கி வந்தேன். மேஸ்திரியும் மகளும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் குறியை அவ போடலை. நான் போட்டேன். அவ போட்டதை ஈரத்துணியால அழிச்சிட்டு, ஞாபகத்துல நானே போட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி சிரித்தார்.

"டீச்சரம்மா, இது பதிமூணாம் வாய்ப்பாட்டைச் சொல்லித் திருடனை விரட்டின கதை மாதிரியா?"

முதல் நாளே நான் அவருக்குச் சொன்ன கதை அது. திருடன் பதின்மூன்று ஏழு வரைக்கும் தாங்கினான், எட்டில் ஓடிவிட்டான் என்று சொல்லியிருந்தேன்.

"இது நிஜம்" என்றேன்.

"அதையும் நிஜம்னுதானே சொன்னீங்க."

மகள் என் தோளில் கை வைத்தாள். "அம்மா, அவங்களைக் காப்பாத்தணும்னு உனக்கு நல்ல மனசு. ஆனா நம்ம குளியல் தொட்டியில முதலை வந்துச்சுன்னு என்னை நாலு வருஷம் நம்ப வச்சவ நீ. இனி நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தாக்கூட நான் நம்ப மாட்டேன்."

கையெழுத்து!

நோட்டில் குறி போட்டால் அடியில் இனிஷியல், அதற்கும் அடியில் தேதி. அது இல்லாமல் என் கை ஒரு குறிகூடப் போட்டதில்லை. மற்ற நாலு சுவரில் இருந்ததை மேஸ்திரி அன்றே கவனிக்காமல் அழித்துத் தன் குறியைப் போட்டுவிட்டார், மிச்சம் இருந்தால் இடித்த அந்தச் சமையலறைச் சுவரில்தான். நான் திரும்பி மெஷின்காரரிடம் ஓடினேன். சரி, ஓடவில்லை, நொண்டினேன்.

"அந்தப் பெருக்கல் குறிக்கு அடியில ஏதாவது எழுதியிருந்துச்சா?"

அவர் யோசித்தார். "கோழி கிளறின மாதிரி ஏதோ இருந்துச்சு டீச்சரம்மா. நான் கவனிக்கலை."

என் வாழ்நாளில் என் கையெழுத்தைப் பற்றி யாரும் அவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை.

வாசலில் முப்பத்தெட்டு மூட்டை. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முதல் மூட்டையின் கட்டை அவிழ்த்து, காரைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தேன். மகள், "அம்மா, இது என்ன கூத்து?" என்றாள். மேஸ்திரி மணியைப் பார்த்தார். அக்கா சட்டியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"என்ன தேடுறீங்க டீச்சரம்மா?"

"என் கையெழுத்தை."

"எந்தச் சுவத்துல போட்டீங்க?"

நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "சமையலறைச் சுவத்துல. நீ போட்ட வட்டத்தை அழிச்சிட்டு, பெருக்கல் போட்டு, அதுக்கு அடியில."

அவள் தலையில் சட்டி அப்படியே நின்றது. அதை என் மேலேயே கவிழ்த்திருந்தாலும் நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன். பிறகு அதை இறக்கி வைத்தாள்.

"அந்த மூட்டை இல்லை. அது ஹால் சுவரு, மஞ்சள் பெயின்ட்டு. சமையலறை மஞ்சளுக்கு அடியில பச்சை ஓடும். ஓரத்துல இருக்கிற ஏழு மூட்டையில பாருங்க. தள்ளுங்க, நான் அவிழ்க்கிறேன்."

அவளே கட்டிய மூட்டைகள், அவளுக்குத் தெரியாதா? ஐந்தாவது மூட்டையில் கிடைத்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு காரைத் துண்டு. பெருக்கல் குறியின் ஒரு கால், அதற்கு அடியில் என் இனிஷியல், அதன் கடைசி எழுத்திலிருந்து இழுத்துவிட்ட நீளமான வால், பாதித் தேதி. அக்கா அதை எடுத்து வாயால் ஊதித் தூசியைத் தட்டி, என் மகளிடம் நீட்டினாள்.

மகள் ஐந்தாம் வகுப்பில் என்னிடமே படித்தவள். ஒரு நிமிடம் அந்தத் துண்டையே பார்த்தாள்.

"இந்த வால்... என் கணக்கு நோட்டு பூரா இந்த வால்தான். தப்புன்னு போட்டுட்டு அடியில இதை இழுப்பே. இதைப் பார்த்தாலே எனக்கு இன்னைக்கும் நோட்டை ஒளிச்சு வைக்கத் தோணுது." பிறகு, "அம்மா!" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் முதலைக்கும் சேர்த்துக் கொடுத்தாள்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். மன்னிப்பு என்ற வார்த்தையைப் பிள்ளைகளிடமிருந்து ஆயிரம் தடவை வாங்கியிருக்கிறேன். கொடுத்துப் பழக்கமில்லை. ஒரு வழியாகக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் டீச்சரம்மா. நான் போட்டது வட்டம்தானா?"

"வட்டம்தான்."

"நல்லாப் பார்த்தீங்களா? அழிக்கிறதுக்கு முன்னாடி?"

"பார்த்தேன். முழு வட்டம். காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி." இதில் ஒரு சொட்டுக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் தன் வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு தடவை துடைத்தாள்.

மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து தைல டப்பாவை எடுத்தார். "இந்தா பிடி. எனக்கு இது பையில குத்துது."

அவள் உடனே வாங்கவில்லை. "முதல்ல டீச்சரம்மா பையில இருக்கிற சாக்பீஸை வாங்குங்க மேஸ்திரி" என்றாள். எல்லார் முன்னாலும் என் கைப்பையைச் சோதனை போட்டார்கள். மூன்று துண்டு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் டப்பாவை வாங்கி இடுப்பில் செருகினாள்.

அடுத்த நாள் மாடிக்குப் போய், வெறுங்காலால் நடந்து, எண்ணி, இறங்கி, தட்டி, எல்லாக் குறியையும் புதிதாகப் போட்டாள். போட்டு முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். சாக்பீஸை நீட்டினாள்.

"போடுங்க, உங்க வாலை. ஒவ்வொரு குறிக்கும் அடியில. தேதியோட."

போட்டேன். அவள் பின்னாலேயே நின்று, வாலும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த சுவருக்கு அனுப்பினாள். அன்றிலிருந்து அவள் போகிற எல்லா வீட்டிலும் இதுதான் முறை என்று மெஷின்காரர் சொல்கிறார். குறிக்கு அடியில் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் சம்மட்டி தூக்க விடமாட்டாளாம். ஒரு பெரிய டாக்டர் "எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்லை" என்றாராம். "அப்போ சுவருக்கும் நேரமில்லை" என்று செருப்பை மாட்டிக்கொண்டாளாம். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீடு முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கீழேயே தூங்குகிறேன், கீழேயே குளிக்கிறேன். மகள் ஞாபகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், சாட்சி வைத்துத் தப்பை ஒப்புக்கொண்டவளுக்கு ஞாபகத்தில் என்ன குறை என்று வாதாடுகிறேன். மேல் ஜன்னல் மட்டும் இன்னும் இரண்டு விரற்கடை சாத்துவதில்லை. சரிசெய்ய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

போன வாரம் அக்கா இந்தப் பக்கம் வந்தவள் டீ குடிக்க நுழைந்தாள். எதிர்வீட்டம்மாவின் தங்கையும் இருந்தார், புது ஆள். வாசலிலிருந்து தெரியும் மேல் ஜன்னலைக் காட்டி, "இது ஏன் இப்படி நிக்குது?" என்று கேட்டார். எனக்குக் கேட்க வேண்டுமா?

"அது பெரிய கதைம்மா. ஒருநாள் காலையில பூமி இப்படி ஒரு ஆட்டம் ஆடுச்சு பாருங்க..."

அக்கா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"தேதியோட சொல்லுங்க டீச்சரம்மா."